தீவாதல்

காற்று விட்ட மூன்றாம் நாள்
வெயில் வந்தது, ஒன்றும் நடக்காத முகத்தோடு.
விடியலிலிருந்து என் போனில் ஒரே கேள்வி:
"தம்பி, நல்ல வெயில் எறிக்குது.
பிறகேன் வீட்டில கறண்ட் இல்லை?"

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்.
மட்டிக்களியிலிருந்து பல் வைத்தியர்.
நிலாவெளியில் இருபத்துநாலு தகடு போட்ட விடுதிக்காரர்,
அவர் கேட்கவில்லை, ஏசினார்.

எல்லாம் நான் பூட்டிய கூரைகள்.
எந்த நட்டு எவ்வளவு இறுக்கம் என்று கைக்குத் தெரியும்.
ஒரு தகடும் பறக்கவில்லை.
ஒரு பல்பும் எரியவில்லை.

விற்கும்போது சொன்னேன்தான்.
தேத்தண்ணி குடித்தபடி விலை பேசுகிற மனிதர்
இப்படியொரு வசனத்தைக் காதில் வாங்குவதில்லை:
தெருவில் கம்பி செத்தால்
கூரையும் கண்ணை மூடிக்கொள்ளும்.

கையேட்டில் அதற்குப் பெயர் உண்டு,
தீவாதல் தடுப்பு.
ஊர் இருண்டு கிடக்க
ஒரு வீடு மட்டும் தனியே ஒளிர்ந்தால்
அந்த மின்சாரம் படலையோடு நிற்காது;
அறுந்த கம்பி வழியே திரும்பி ஓடி
தூணில் நிற்பவனைத் தொடும்.

சாம்பல்தீவுச் சந்தியில்
தூணில் நின்றவன் ஹில்மி.
கம்பிமேல் ஒரு முழு வேம்பு.
இடுப்பில் பெல்ட், பல்லிடுக்கில் வயர்த் துண்டு,
கையுறையில் ஒரு விரல் ஓட்டை.
கிண்ணியாவில் தன் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம்;
வானிலை அறிக்கைபோலச் சொன்னான்.

கீழே நின்று சுற்றிப் பார்த்தேன்.
ஒன்பது கூரைகளில் தகடு மினுங்கிற்று.
ஏழு என்னுடையவை.
"அது செத்த கம்பிதானே?" என்றேன்.
"அதை நீதான் சொல்லோணும்"
என்று சிரித்தான் மேலேயிருந்து.
அன்றைக்கு முதல்முறை
இருட்டிக் கிடந்த என் வேலையைப் பார்த்து
எனக்கு மூச்சு வந்தது.

பிறகு சல்லிப் பக்கம் போனேன்.
கடலில் முடிகிற ஒழுங்கை.
அங்கே புவனலோஜினியிடம் இரண்டே தகடு,
இரண்டு லொறி பற்றறி.
எந்தத் தூணோடும் உறவில்லை, மீட்டருமில்லை.
போன வருடம் அதைப் பார்த்து
"விளையாட்டுச் சாமான்" என்றவன் நான்தான்.

புயல் வருமென்று வானொலி சொன்ன பின்னேரம்
அவளே சாவியோடு ஏறி
எட்டு நட்டும் கழற்றி
தகடுகளை இரு மெத்தைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறாள்.
கூரை போயிற்று. எங்கே போனதென்று இன்னும் தெரியாது.
தகடுகள் இப்போது
கவிழ்ந்த வள்ளத்தில் சாய்ந்து கிடக்கின்றன;
நிழல் நகர நகர
காலால் தள்ளித் திருப்புகிறாள்.

மேசையில் முப்பத்தொரு போன்கள்,
ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர்.
தூண்டில் இரை வைக்கிற சின்னக் குளிர்பெட்டியில்
இரை இருந்த இடத்தில் இன்சுலின்,
நாலு ஒழுங்கைக்காரருடையது.
இன்சுலினுக்குக் காசில்லை.
போனுக்கு ஐம்பது ரூபா.
"தகரம் வாங்க வேணுமெல்லே," என்றாள்,
நான் கேட்காத கேள்விக்கு.

ஒரு பொடியன் வந்து போனைக் கழற்றினான்,
நூறு வீதம் ஏறியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து
அங்கேயே நின்று யாரையோ அழைத்தான்.
எடுத்துவிட்டார்கள் போல.
பேசாமல் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

என் போனில் நாலு வீதம்.
முப்பத்திரண்டாவதாக வைத்தேன்.
பெயர் எழுதிய பிளாஸ்டர் காய முதல்
அது அடித்தது: விடுதிக்காரர்.
என் இரண்டு கையிலும் அவளுடைய பற்றறி வயர்.
அவள் எடுத்தாள்,
முழு ஏச்சையும் கேட்டாள்,
கால் விரலால் தகட்டை ஒரு சாண் தள்ளிக்கொண்டு சொன்னாள்:

"சேர், இஞ்ச கறண்ட் இருக்கு.
உங்கட வயரையும் கொண்டு வாங்கோ."